சும்மா கிடந்த பெயர்

ஒரகடம்
15.6.2025

அன்புள்ள ரோஸி அக்கா,

படம் தொடங்கும் முன்னால் ஒரு சான்றிதழ் காட்டுவார்களே, அதில் வட்டத்துக்குள் ‘ஏ’ என்று இருந்தது. எழுபது பெண்கள் உட்கார்ந்திருந்த கூடத்தில் அதை நான்தான் முதலில் பார்த்தேன் என்று நினைக்கிறேன்.

நலம் விசாரிக்காமல் படத்தில் தொடங்கிவிட்டேன், திட்டாதே. முழங்கால் எப்படி இருக்கிறது? கன்னியர் மடத்தில் முட்டி போட்டுப் போட்டு வீங்கிவிட்டது என்று அப்பாவிடம் போனில் சொன்னாயாம். நான் நன்றாக இருக்கிறேன். வீட்டிலும் எல்லாரும் நலம்.

பள்ளிக்கூடத்தை விட்டது அப்பா சொல்லி உனக்குத் தெரிந்திருக்கும். பிப்ரவரியிலிருந்து இங்கே ஹாஸ்டலில் இருக்கிறேன். காருக்குள் ஓடும் வயர்களைக் கட்டாகச் சேர்த்து டேப் சுற்றும் வேலை. கம்பெனி பஸ் ஹாஸ்டல் வாசலில் ஏற்றி, கம்பெனி வாசலில் இறக்கும். நடுவில் எங்கும் நிற்காது. மாதத்தில் முதல் ஞாயிறு மட்டும் வெளியே விடுவார்கள். மற்ற ஞாயிறுகளில் மதியம் சாப்பாட்டுக் கூடத்தில் படம்.

இன்றைக்குப் போட்ட படத்துக்கு டிவியில் தெரிந்த முகப்பில் ஒரு சின்னப் பெண்ணும் அவளைவிட உயரமான ஒரு கொக்கும். வார்டன் தாயாரம்மாள் அதைப் பார்த்துவிட்டு, “கொக்குக் கதடி, கொயந்தைங்க பாக்குறது” என்று போட்டுவிட்டார். அது குழந்தைகள் படம் இல்லை அக்கா. ஏதோ பனி பெய்கிற நாடு. யுத்தம். ஒரு கம்பளி ஆலையில் பெண்களை அடைத்து ராணுவத்துக்குப் போர்வை நெய்ய வைக்கிறார்கள். காலையில் எல்லாரும் வெறுங்காலோடு பனியில் நிற்கவேண்டும். ஒரு அதிகாரி பட்டியலை வாசிப்பான். குரலை உயர்த்தவே மாட்டான். யாராவது ஒருத்தி குறைந்தால், பட்டியலில் அவளுக்கு அடுத்த பெயர்க்காரியைச் சுவருக்குப் பின்னால் கூட்டிப்போவார்கள். சத்தம் மட்டும் கேட்கும். பிறகு மற்றவர்களை வாளியோடு அனுப்பி அந்தச் சுவரைக் கழுவச் சொல்வான்.

அந்த இடத்தில் வார்டன் படத்தை நிறுத்தினார். “அடக் கர்த்தரே, ஏ படமா இது? பதினெட்டு ஆவாதவ எவளாச்சும் கீறீங்களாடி?” என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். நான் கையைத் தூக்கிவிட்டேன். யோசிக்கவே இல்லை. வகுப்பில் கேட்டால் தூக்குவோமே, அப்படி. பக்கத்தில் இருந்த மாரிசெல்வி, “ஏட்டி, கையக் கீழ போடு” என்று பிடித்து இழுத்தாள். அவள் கோவில்பட்டிப் பெண், என் அறைதான். நான் அந்தக் கையால் தலைமுடியை ஒதுக்கிக்கொண்டேன்.

பிறகு எல்லாரும் கெஞ்சியதால் இன்னும் அரைமணி நேரம் போட்டார். மோசமான இடம் வந்தால் டிவி மேல் துண்டைப் போட்டு மூடுவார். மிச்சத்தை அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன், மணி அடித்துவிட்டது.

பதில் போட்டால் உறையில் என் பெயர் வேண்டாம். மாரிசெல்வி, அறை எண் 14 என்று எழுது. இங்கே அதுதான் வசதி.

உன் ஜெபத்தில் என்னையும் சேர்த்துக்கொள்.
ஜெசி


திண்டுக்கல்
6.7.2025

அன்புத் தங்கை ஜெசிக்கு,

இயேசுவின் அருளால் இங்கே அனைவரும் சுகம். முழங்காலுக்குத் தைலம் தடவுகிறேன், பரவாயில்லை. உன் விரல்கள் எப்படி இருக்கின்றன? டேப் சுற்றினால் நகக்கண் வெடிக்கும் என்று இங்கே ஒரு சகோதரி சொன்னாள். நீ அதைப்பற்றி ஒன்றும் எழுதவில்லை.

கடிதத்தை மதர் பாத்திமா படித்த பிறகுதான் எங்கள் கைக்குத் தருவார், அது உனக்குத் தெரியும். வழக்கமாக மடித்து மேசையில் வைத்துவிடுவார். இந்த முறை கையிலேயே கொடுத்து, “அந்தக் கொக்கு எதற்கு வந்தது என்று உன் தங்கையைக் கேள்” என்றார். முகத்தில் சிரிப்பே இல்லை. பயிற்சியில் இருக்கும் நாங்கள் பன்னிரண்டு நவகன்னியரும் சாப்பாட்டு மேசையில் இரண்டு நாள் அதையே பேசினோம். சீக்கிரம் எழுது.

எனக்கு வேறு ஒரு கேள்வி இருக்கிறது. உனக்குப் பதினேழுதானே ஆகிறது? பதினெட்டு ஆகாதவர்களைக் கம்பெனியில் எப்படிச் சேர்த்தார்கள்? உறையில் உன் பெயரை ஏன் எழுதக்கூடாது?

ஜூலை மழையில் நனையாதே. உனக்குச் சளி பிடித்தால் ஒரு மாதம் விடாது.

அன்புடன்,
ரோஸி


ஒரகடம்
27.7.2025

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் பத்திரமாக வந்தது. மதருக்கு என் வணக்கம். சளி இல்லை. விரல்களும் பரவாயில்லை. இரண்டில் மட்டும் பிளாஸ்திரி.

கொக்கு வந்த கதை இதுதான். ஆலையில் சாயத்தொட்டி ஒன்று உண்டு. அதற்கு அடியில் அந்தக் கொக்கு குடியிருக்கிறது. உடம்பு கொக்கு, கை மட்டும் மனிதக் கை, ஈரமாக, நீளமாக. அந்தப் பெண் அம்மாவோடு அடைபட்டிருக்கிறாள். கொக்கு அவளிடம், “உன் பெயரை எனக்குக் கொடு. பட்டியலில் உன்னைத் தேடமாட்டார்கள். எங்கே வேண்டுமானாலும் போய் வரலாம்” என்கிறது. அவள் கொடுத்துவிடுகிறாள். கொக்கு அண்ணாந்து மீனை விழுங்குவதுபோல விழுங்குகிறது.

மறுநாள் அவள் சிப்பாய்களுக்கு முன்னாலேயே நடக்கிறாள், யாரும் பார்க்கவில்லை. அதிகாரியின் தட்டிலிருந்து ரொட்டியை எடுக்கிறாள். ஹாஸ்டலில் எல்லாரும் கைதட்டினார்கள். ரொட்டியைக் கொண்டுபோய் அம்மாவிடம் நீட்டுகிறாள். அம்மா, “யாரம்மா நீ?” என்று கேட்கிறாள். கைதட்டல் நின்றுவிட்டது.

காலையில் அதிகாரி எண்ணுகிறான். ஒரு தலை குறைகிறது. யார் என்று அவனுக்கே தெரியவில்லை, பட்டியலில் அந்த இடம் வெறுமையாக இருக்கிறது. அதற்கு அடுத்த பெயரை வாசிக்கிறான். அது அம்மாவின் பெயர். அந்த இடத்தில் வார்டன் டிவியை அணைத்துவிட்டு, பென் டிரைவைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டார்.

முடிவு யாருக்கும் தெரியாது. திருத்தணி பிரவீனா, “ராணுவத்துக்காரன் கொக்க சுட்டு பிரியாணி போட்டிருப்பான், அத்தோட முடிஞ்சிது” என்கிறாள். மாரிசெல்வி மட்டும், “அந்தப் பிள்ளை தொட்டிக்குள்ள எறங்கிருப்பா” என்றாள். இன்னொன்று. அந்தப் பெண்ணின் பெயர் என்ன என்று மறுநாள் எல்லாரையும் கேட்டுப் பார்த்தேன். படத்தின் தொடக்கத்தில் நாலைந்து தடவை சொன்னார்கள். ஒருத்திக்கும் ஞாபகம் இல்லை.

முதல் ஞாயிறு நான் வெளியே போகவில்லை. காய்ச்சல் என்று வார்டன் சொல்லிவிட்டார்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.
ஜெசி


திண்டுக்கல்
17.8.2025

அன்புள்ள ஜெசி,

நேற்று முன்தினம் மாதாவின் விண்ணேற்புத் திருநாள், பாயசம் குடித்தோம். எல்லாரும் நலம். “வார்டன் சொல்லிவிட்டார்” என்றால் என்ன? காய்ச்சல் உனக்கு வந்ததா, அவருக்கு வந்ததா?

உன் கதையை மதர் இரண்டு தடவை படித்தார் என்று நினைக்கிறேன், தாளில் இரண்டு மடிப்பு இருந்தது. “பட்டியல் வாசித்தவனை யாரும் கேட்கவே இல்லையா?” என்று மட்டும் கேட்டார்.

இப்போது ஒரு காரியம். பிப்ரவரி இரண்டாம் தேதி எங்களுக்குத் துறவற வாழ்வுக்கான முதல் வார்த்தைப்பாடு. அதன்பிறகு என்னை நர்சிங் படிக்க அனுப்ப நினைக்கிறார்கள். பிளஸ் டூ மார்க் ஷீட் அசல் வேண்டும். நகல்தான் இங்கே கொடுத்தேன், அசல் நம் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. போனில் கேட்டால் அப்பா, “ஸ்கூல்ல கீதும்மா” என்கிறார். அதே பெட்டியில்தான் நானே வைத்தேன். நீ வீட்டுக்குப் போகும்போது எடுத்து அனுப்பு.

என் முந்தைய இரண்டு கேள்விகளுக்கும் நீ பதில் எழுதவில்லை.

ஆண்டவர் காப்பாராக.
ரோஸி


ஒரகடம்
7.9.2025

அன்புள்ள அக்கா,

நலம். நீயும் நலமாக இருப்பாய். நாளை மாதா பிறந்தநாள், அச்சிறுபாக்கம் மலைக்கு அம்மா நடந்து போவாள். எனக்கு லீவு இல்லை.

மார்க் ஷீட்டை வீட்டுக்குப் போகும்போது பார்க்கிறேன். எப்போது போவேன் என்று தெரியவில்லை.

லைனில் வயர்களை மாட்டிய போர்டு நகர்ந்துகொண்டே இருக்கும், அதோடு நாமும் நகர்ந்துகொண்டே டேப் சுற்றவேண்டும். பேச வேண்டியதில்லை என்பது எனக்குப் பிடித்திருக்கிறது. எழுத வேறொன்றும் இல்லை.

ஜெசி


திண்டுக்கல்
28.9.2025

ஜெசி,

சுகம்தானே? உன் கடிதம் கால் பக்கம்கூட இல்லை. மடத்திலிருந்து விசாரித்ததற்குப் பள்ளியிலிருந்து பதில் எழுதினார்கள். என் மார்க் ஷீட் மூன்று வருடம் முன்பே நான் வாங்கிக்கொண்டுபோனதாகக் கையெழுத்து இருக்கிறது, அது உண்மையும்கூட. நேற்று அப்பாவிடம் மறுபடி கேட்டேன். “ஜெசியக் கேளு” என்று போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டார். அம்மா அழுதாள். இங்கே போனில் பேச விடும் ஐந்து நிமிடம் முடிந்துவிட்டது.

அதனால் உன்னைக் கேட்கிறேன்.

ரோஸி


ஒரகடம்
16.10.2025

அன்புள்ள அக்கா,

இந்தக் கடிதம் தபாலில் வரவில்லை. மாரிசெல்வி தீபாவளிக்கு ஊருக்குப் போகிறாள். திரும்பும்போது திண்டுக்கல்லில் இறங்கி, பார்வையாளர் நேரத்தில் உன் கையிலேயே கொடுப்பாள். மதர் படிக்கமாட்டார். அதனால் எழுதுகிறேன்.

உன் மார்க் ஷீட் என்னிடமும் இல்லை. இங்கே ஆள் எடுத்துக்கொடுக்கும் காண்ட்ராக்ட் ஆபீசில், மோகன் சாரின் பீரோவில் இருக்கிறது. உன் ஆதார் நகலும் அங்கேதான். இந்த ஹாஸ்டலில் ஜெசிந்தா என்று யாரும் இல்லை. ரோஸி, தகப்பன் பெயர் யாகப்பன், வயது இருபது. அது நான்தான்.

நான் ஏன் பள்ளிக்கூடத்தை விட்டேன் என்று நீ கேட்கவே இல்லை. டவுன் பள்ளிக்கூடத்தில் பதினொன்றாம் வகுப்பில் எழுந்து நின்று படிக்கச் சொன்னார்கள். எனக்குக் குரல் வரவில்லை. மூன்று நாள் நின்றேன். நாலாம் நாள் போகவில்லை. நீ இருந்தபோது கடையில் மிச்சச் சில்லறை கேட்பதுகூட நீதான். கோவிலில் வாசகம் வாசிக்க என் முறை வந்தாலும் நீதான் போவாய். நீ போன பிறகு எனக்காகப் பேச வீட்டில் ஆள் இல்லை. அம்மா பேசமாட்டாள், உனக்குத் தெரியும்.

அப்போதுதான் இவர்கள் வேன் ஊருக்கு வந்தது. பதினெட்டு முடிந்த பெண்கள் வேண்டும் என்று மைக்கில் சொன்னார்கள். அப்பா யோசித்துவிட்டுச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “பெரியவ சாமிக்குப் போயிட்டா. வார்த்தைப்பாடு குடுத்துட்டா அங்க பேரையே மாத்திடுவாங்க. மேரி இன்னாவோன்னு வெப்பாங்க. பழைய பேரு சும்மா தான கெடக்கும்? இவ எடுத்துக்கினா இன்னா?” நம் பெரியத்தை மடத்துக்குப் போய்ப் பெயர் மாறியதைப் பார்த்தவர் அல்லவா அவர். தப்பு செய்கிறோம் என்றே அவருக்குத் தோன்றவில்லை. உன் பழைய பாவாடையை எனக்குப் போட்டுவிடுவதுபோலத்தான் நினைத்தார். அம்மா என் யூனிபார்மை மடித்துப் பெட்டியின் அடியில் வைத்துவிட்டு, அங்கிருந்து உன் மார்க் ஷீட்டை எடுத்துக் கொடுத்தாள். நானும் தலையாட்டினேன். ஆதார் படத்தில் உனக்குப் பன்னிரண்டு வயது. அது நீயா நானா என்று யாரும் கேட்கவில்லை.

உன் பெயர் கிடைத்தது அக்கா. உன் வாய் கிடைக்கவில்லை.

அந்தப் படத்தன்று நான் கையைத் தூக்கியதை வார்டன் பார்த்துவிட்டார். மறுநாள் கூப்பிட்டு, “இருவது வயசுக்காரி இன்னாத்துக்குடி கையத் தூக்குனா?” என்றார். அவர் மோகன் சாரிடம் சொல்லிவிட்டார். மோகன் சார் கோபப்படவில்லை, அதுதான் பயமாக இருந்தது. “மார்ச் வரிக்கும் வாய மூடிகினு இரு. பதினெட்டு ஆனதும் உன் பேர்லயே புதுசா ஜாயின் பண்ணிக்கலாம். அது வரிக்கும் வெளிய கிளிய போவாத. மாட்டிக்கினா உங்கப்பன்தான் உள்ள போவான், நான் இல்ல” என்றார். அன்றிலிருந்து முதல் ஞாயிறு எனக்குக் கிடையாது. கம்பெனிக்கு ஆள்களைச் சரிபார்க்கும் ஆடிட் வரும் நாள்களில் எனக்குக் காய்ச்சல். அறையில் வைத்து வெளியே தாழ் போட்டுவிடுவார் வார்டன். ஆடிட் முடிந்ததும் காய்ச்சலும் முடிந்துவிடும். இதுவரைக்கும் நாலு காய்ச்சல்.

நான் போகிறேன் என்று கேட்டும் பார்த்தேன். மாரிசெல்விதான் எனக்காகக் கேட்டாள். ஆள் பாதியில் நின்றால் சர்டிபிகேட் ஒரு வருடம் முடியாமல் தரமாட்டார்களாம். உன் மார்க் ஷீட்டை எப்படி வாங்குவது என்று எனக்குத் தெரியவில்லை. என்னை யாராவது “ரோஸி” என்று கூப்பிட்டால் இப்போது உடனே திரும்புகிறேன். முதல் மாதம் திரும்பமாட்டேன்.

உன்மேல் கோபம் இருந்தது. நீ மட்டும் போய்விட்டாய் என்று. எழுதிவிட்டதால் கொஞ்சம் குறைந்திருக்கிறது.

முழங்காலை அலட்சியப்படுத்தாதே.
ஜெசி


திண்டுக்கல்
23.11.2025

அன்புள்ள ஜெசி,

உன் தோழி வந்து பார்த்துவிட்டுப் போனாள். நல்ல பெண். அவள் தந்ததும் கிடைத்தது.

இங்கே மழை. தோட்டத்தில் கத்திரிக்காய் நிறையக் காய்த்திருக்கிறது. எனக்கு முழங்கால் சரியில்லை. அதனால் வார்த்தைப்பாட்டை ஒரு வருடம் தள்ளிவைக்கும்படி மதரிடம் கேட்டிருக்கிறேன். மற்ற பதினொரு பேரும் பிப்ரவரியில் கொடுப்பார்கள். மார்க் ஷீட்டைத் தேடவேண்டாம். அவசரம் இல்லை. மார்ச் வரைக்கும் பொறுமையாக இரு. நீ நன்றாக இருந்தால் போதும்.

உனக்காகத் தினமும் ஜெபிக்கிறேன்.
ரோஸி


ஒரகடம்
7.12.2025

மரியாதைக்குரிய மதர் பாத்திமா அவர்களுக்கு,

நீங்கள் சுகமாக இருக்க வேண்டுகிறேன். நான் ரோஸியின் தங்கை ஜெசிந்தா. எங்கள் கடிதங்களை நீங்கள்தான் முதலில் படிப்பீர்கள். அதனால் இதை உங்களுக்கே எழுதுகிறேன்.

அக்காவுக்கு முழங்கால் நன்றாக இருக்கிறது. பார்வையாளர் வந்திருக்கிறார் என்றதும் மாடிப்படியில் இரண்டிரண்டு படியாகக் குதித்து இறங்கி வந்தாளாம். மாரிசெல்வி கண்ணால் பார்த்தாள். என் கடிதத்தைப் படித்ததும் அந்தப் பெஞ்சிலேயே வெகுநேரம் உட்கார்ந்துவிட்டாளாம்.

அக்கா என்னால்தான் தள்ளிப்போடுகிறாள். நான் அக்காவின் சான்றிதழைக் காட்டி, அக்காவின் பெயரில் இங்கே வேலை செய்கிறேன். எனக்கு வயது பதினேழு. சபையில் சேர்ந்தால் பெயர் மாறிவிடும், பழைய பெயர் யாருக்கும் வேண்டாம் என்று அப்பா நினைத்துவிட்டார். சொன்னால் அப்பா ஜெயிலுக்குப் போவார் என்று இங்கே சொல்கிறார்கள். சொல்லாமல் இருந்தால் அக்கா பொய்யை வைத்துக்கொண்டு உங்கள் முன்னால் நிற்கவேண்டும். அதற்கு அவளுக்கு மனம் வரவில்லை. என்னைக் காட்டிக்கொடுக்கவும் வரவில்லை.

அவளைத் திட்டாதீர்கள். பிப்ரவரியிலேயே அவள் வார்த்தைப்பாடு கொடுக்கவேண்டும். நான் என்ன செய்யவேண்டும் என்று தெரியவில்லை. இதை எழுத நாலு நாள் ஆனது.

இப்படிக்கு,
ஜெசிந்தா


திண்டுக்கல்
18.12.2025

அன்புள்ள ஜெசிந்தா,

நலம். உன் கடிதம் கிடைத்தது. உன் அக்காவின் முழங்காலை நான் முதலிலிருந்தே நம்பவில்லை. நீ கையில் கொடுத்தனுப்பியதை அவள் என்னிடம் காட்டவில்லை, நானும் கேட்கவில்லை. இப்போது உன் கடிதத்தைக் காட்டினேன். அழுதாள். பிறகு நன்றாகச் சாப்பிட்டாள்.

உன் அப்பா மேல் எனக்குக் கோபம் இல்லை. பெயரை மாற்றும் வழக்கத்தை எங்கள் சபையில் விட்டு முப்பது வருடம் ஆகிறது. ஊருக்குச் சொல்ல மறந்துவிட்டோம். உன் அக்கா ரோஸியாகத்தான் இருப்பாள். ஆகவே அந்தப் பெயர் அவளுக்கு வேண்டும்.

எங்கள் சபையில் வழக்கறிஞரான சிஸ்டர் ஒருவர் இருக்கிறார். வயது குறைந்த பெண்ணைத் தெரிந்தே வேலையில் வைத்திருந்து, அறையில் பூட்டியதற்கு முதலில் பதில் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள்தான் என்கிறார். அப்பாவுக்கு ஒன்றுமே வராது என்று அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லமாட்டேன். வந்தால் அவரோடு நிற்போம்.

ஜனவரி இரண்டு, வெள்ளி, காலை பதினொரு மணிக்கு அந்தச் சிஸ்டரோடு உன் ஹாஸ்டலுக்கு வருகிறேன். கேட்டில் நின்று ஜெசிந்தாவைப் பார்க்கவேண்டும் என்று கேட்பேன். வேறு பெயர் சொல்லமாட்டேன். நீ வெளியே வந்தால், அங்கிருந்து நேராகத் தொழிலாளர் துறை அலுவலகம் போவோம். வராவிட்டால் உன்னைக் குறைசொல்லமாட்டேன்.

அதுவரை எந்தத் தாளிலும் ரோஸி என்று இன்னொரு கையெழுத்துப் போடாதே. போட்டால் அங்கே வேலை செய்தது ரோஸிதான், ஜெசிந்தா என்று ஒருத்தி வரவே இல்லை என்று ஆகிவிடும்.

பிளாஸ்திரியை ஈரத்தோடு விடாதே.

மதர் பாத்திமா


ஸ்ரீபெரும்புதூர்
2.1.2026

அன்புள்ள அக்கா,

புது வருட வாழ்த்து. என் உடம்புக்கு ஒன்றுமில்லை, இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இங்கே தொழிலாளர் துறை அலுவலகத்தில் உட்கார்ந்து எழுதும் இந்தக் கடிதத்தை மதர் கையிலேயே கொடுக்கப்போகிறேன். படித்துவிட்டுத்தான் தருவார், படிக்கட்டும். காலையில் நடந்ததை நீ என் வாயால் தெரிந்துகொள்ளவேண்டும்.

எனக்கு இரண்டாம் ஷிப்ட். சாப்பாட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் மாரிசெல்வி. பதினொன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது கேட்டில் ஆட்டோ நின்றது. ஜன்னல் வழியாக இரண்டு சாம்பல் நிறப் புடவைகள் தெரிந்தன. நான் மதரைப் பார்த்ததே இல்லை. குள்ளமாக இருந்தார். குடை வைத்திருந்தவர்தான் மதர் என்று எப்படியோ தெரிந்தது.

“ஜெசிந்தாவப் பாக்கணும்” என்றார்.

வாட்ச்மேன் ரெஜிஸ்டரைப் புரட்டினார். பாவம், அவர் உண்மையாகவே தேடினார். வார்டன் ஓடிவந்தார். “ஜெசிந்தாவா? அப்டி யாரும் இங்க இல்லீங்களே சிஸ்டர். வேணும்னா நீங்களே ரெஜிஸ்டர்ல பாத்துக்குங்க.”

“பாத்துட்டேம்மா. இல்லதான். இருந்தாலும் கொஞ்ச நேரம் நிக்கிறேன்.”

“வெயில்ல எதுக்கு சிஸ்டர்...”

“மார்கழி வெயில்தானே” என்று மதர் குடையை விரித்துக்கொண்டார்.

எழுந்திருக்க நினைத்தேன். அதற்குள் சமையல்கட்டு வழியாக மோகன் சார் வந்துவிட்டார். வார்டன் போன் பண்ணியிருக்கவேண்டும், மூச்சு வாங்கியது. எதிரில் உட்கார்ந்து பையிலிருந்து உன் மார்க் ஷீட்டை எடுத்து மேசைமேல் வைத்தார். உறையில்கூட இல்லை, வெறும் தாளாக. தமிழில் நீ வாங்கிய தொண்ணூற்றொன்று தெரிந்தது. மூலையில் கொஞ்சம் மடங்கியிருக்கிறது, மற்றபடி நன்றாக இருக்கிறது. அதன் பக்கத்தில் டைப் அடித்த ஒரு தாளை வைத்து, அதன்மேல் பேனாவைத் திறந்து வைத்தார்.

“இந்தா. நீ கேட்டது. சொந்த விருப்பத்துல வேலய வுட்டு நின்னுக்குறேன்னு ரோஸின்னு ஒரே ஒரு கையெழுத்து. சர்டிபிகேட்ட எடுத்துக்க. பின்னால வண்டி நிக்கிது, வூட்டு வாசல்ல எறக்கி வுட்டுடுவாங்க. உங்கக்காவுக்கும் நல்லது, உங்கப்பனுக்கும் நல்லது. ஒருத்தருக்கும் ஒண்ணும் தெரியாது.”

அவர் சொன்னது எல்லாம் எனக்கு வேண்டியதுதான் அக்கா. உன் மார்க் ஷீட் ஒரு சாண் தூரத்தில் இருந்தது. அப்பாவுக்கு ஒன்றும் ஆகாது. யாரிடமும் எதுவும் பேசவேண்டியதில்லை. பேனாவை எடுத்தும்விட்டேன்.

“போடலன்னா?” என்று கேட்டேன்.

பதினோரு மாதத்தில் அவரிடம் நான் கேட்ட முதல் கேள்வி. அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“போடலன்னா இந்தப் பேப்பர் இன்னா ஆவும்னு எனக்கே தெரியாது. ஆபீஸ்ல நூறு பேப்பர் காணாமப் போவுது. உங்கக்கா அப்பறம் அலைய வேண்டிதுதான்.”

இந்தத் தடவை மாரிசெல்வி எனக்காகப் பேசவில்லை. தலையைக் குனிந்துகொண்டு மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

வெளியே வார்டன் மறுபடியும், “நெஜமாவே அப்டி யாரும் இல்ல சிஸ்டர், கெளம்புங்க” என்று சொல்வது கேட்டது.

பேனாவை மூடி உன் மார்க் ஷீட்டின் மேலேயே வைத்தேன். எழுந்து, செருப்பைத் தேடாமல், ரெஜிஸ்டரோடு நின்றிருந்த வாட்ச்மேனைத் தாண்டி, மதரின் குடைக்குக் கீழே போய் நின்றேன்.